பனி டயரு நமக்கு எதுக்கு தம்பி, ரிம்ம மட்டும் தூக்கிட்டு வா

தம்பி, நீ அனுப்பின நாலு போட்டோவையும் பெருசாக்கி பார்த்தேன், வாய்ஸ் மெசேஜையும் ரெண்டு தடவ கேட்டேன். நீ கேக்கறது இதுதானே: ஹோண்டா சிவிக் எஃப்டி 2.0 காடி செகண்ட் ஹேண்ட்ல எடுத்திருக்க, ஈப்போ பக்கம் பழைய காடி சாமான் விக்கற ஒரு ஹாஃப்கட் கடையில ஜப்பான்ல இருந்து எறங்கின 17 இன்ச் ஸ்போட் ரிம் நாலு, டயரோட சேத்து 1,200 வெள்ளிக்கு தர்றேங்கறாங்க, டயர் பூ, அதாவது ரோட்டத் தொடற பக்கத்து வெட்டு, ஆழமா புதுசு மாதிரி இருக்கு, பக்கச் சுவர்ல ஸ்டட்லெஸ்னு போட்டிருக்கு, ஜெர்மனில இருக்கற உன் கூட்டாளி வேற வின்டர் டயரு மழையிலயும் குளிர்லயும் சும்மா ஒட்டிக்கும்னு சொல்லிட்டான், நீயும் மாசத்துக்கு ரெண்டு தடவ சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மலை ஏறுற, அங்க குளிருது மழையும் பேயுது, அதனால எடுத்துடலாமான்னு கேக்கற.

ரிம்ம எடு. டயர அந்தக் கடையிலயே கழட்டி வெச்சிட்டு வா. அவ்வளவுதான் பதில், ஆனா நீ ஏன்னு கேக்கற ஆளு, உங்க அப்பாவும் அப்படித்தான், கியாரெஜ்ல நின்னு ஒவ்வொரு நட்டுக்கும் ஏன்னு கேப்பாரு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன், நம்ம டயர் கடையில இன்னைக்கு கூட்டமும் இல்ல, வெளிய மழை.

மொதல்ல வின்டர் டயருன்னா என்னன்னு தெரிஞ்சிக்க. நெறைய பேரு நெனைக்கறது பூ டிசைன்தான் வித்தியாசம்னு. அது பாதி கதைதான், மீதி ரப்பர்ல இருக்கு. ரப்பரு குளிர்ல இறுகும், சூட்டுல இளகும், இது நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம். சாதா டயரோட ரப்பர் கலவை ஏழு டிகிரி செல்சியஸுக்கு கீழ போகப் போக கட்டியாகி ரோட்டப் பிடிக்கற தன்மைய இழந்துகிட்டே வரும். ஏழுங்கறது கோடு கிழிச்ச மாதிரி கணக்கு இல்ல, அந்த ஊர்ல ஞாபகம் வெச்சிக்கறதுக்கு சொல்ற நம்பரு. வின்டர் டயர்ல இயற்கை ரப்பரும் சிலிக்காவும் கூட போட்டு அந்தக் குளிர்லயும் வளையற மாதிரி செய்வாங்க. அதோட பூக்கட்டை ஒவ்வொண்ணுலயும் பிளேடால கீறின மாதிரி வரிசையா மெல்லிய வெட்டு இருக்கும், அந்த வெட்டோட ஓரம்தான் பனியப் பிடிக்கற நகம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும், எனக்கு இத நெனச்சா எப்பவும் ஒரு மாதிரி இருக்கும். மரத்துல வெட்டி எடுக்கற நம்ம பாலு, அந்த இயற்கை ரப்பரு, கண்ணாடி மாதிரி உறையணும்னா சுமார் மைனஸ் 70 டிகிரிக்கு போகணும். அதனாலதான் பனி டயருக்கு அது வேணும். எங்க பாட்டி காலையில அஞ்சு மணிக்கு நெத்தி விளக்கக் கட்டிகிட்டு வெட்டின பாலும், வாளியில பொறுக்கின ஒட்டுப்பாலும் கப்பலேறி யாரோ ஒரு ஊர்ல பனியில ஓடியிருக்கும், பாட்டி ஐஸ்ன்னு பார்த்தது ஐஸ் கச்சாங் மட்டும்தான். இப்ப அந்த மரம் எல்லாம் போயி செம்பனையாயிடுச்சு. சரி விடு.

கேமரன் குளிருதுன்னு சொன்னியே. குளிரும், ஸ்வெட்டர் போடலாம், ஆனா டயருக்கு அது குளிரே இல்ல. தானா ராத்தாவுல ராத்திரி 15, 16 டிகிரி இருக்கும், பகல்ல இருபதுக்கு மேல. நம்ம நாட்டுலயே இதுவரைக்கும் பதிவான கொறஞ்ச வெப்பம் அந்த கேமரன்லதான், 1978 பிப்ரவரி 1-ஆம் தேதி, 7.8 டிகிரி. நாட்டோட ரெக்கார்டு குளிர் கூட அந்த ஏழத் தொடல பாத்துக்க. கீழ சுங்கை சிப்புட்ல மத்தியானம் 33, 34 டிகிரி, தார் ரோடு அதுக்கும் மேல, வெறுங்கால வெச்சா குதிப்ப. மைனஸ்ல வளையறதுக்குன்னு செஞ்ச ரப்பர அந்தத் தார்ல உருட்டினா அது சூயிங்கம் மாதிரி ஆயிடும். பூக்கட்டை நெளியும், ஸ்டீயரிங் ஒடிச்சா கொஞ்சம் லேட்டாத்தான் காடி திரும்பும், பிரேக் அடிச்சா நிக்கற தூரம் கூடும், வேகமா தேஞ்சும் போயிடும்.

இப்ப உன் போட்டோவுல இருக்கற டயரப் பத்தி. உன் கூட்டாளி பொய் சொல்லல, ஆனா அவன் சொல்றது வேற டயரு. ஜெர்மனி பக்கம் விக்கற வின்டர் டயரு ஈரமான குளிர் ரோட்டுலயும் ஆட்டோபானோட வேகத்துலயும் ஓடறதுக்கு செஞ்சது, ஹெச், வி ரேட்டிங்ல கிடைக்கும், அதாவது 210, 240 கிலோமீட்டர் வரைக்கும். ஜப்பான்காரன் ஸ்டட்லெஸ்னு சொல்றது கண்ணாடி மாதிரி இருக்கற ஐஸுக்காக செஞ்சது. அங்க முன்ன ஆணி வெச்ச டயர்தான் ஓடுச்சு, அந்த ஆணி ரோட்டச் சொரண்டி ஊரெல்லாம் தூசி, ஜனங்களுக்கு மூச்சுப் பிரச்சன, 1990-ல அதுக்குன்னே சட்டம் போட்டு நிறுத்தினாங்க. ஆணி இல்லாத டயருங்கறதாலதான் பேரே ஸ்டட்லெஸ். பிரிட்ஜ்ஸ்டோனோட பிலிசாக் 1988-லயே வந்துடுச்சு, அதுல ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன குமிழி இருக்கும், பஞ்சு மாதிரி, ஐஸு மேல இருக்கற மெல்லிய தண்ணிய அது உறிஞ்சி எடுத்துட்டு ரப்பர நேரா ஐஸ்ல ஒட்ட வைக்கும். அருமையான வேலப்பாடு, நான் கொற சொல்லல. ஆனா ஐஸ்ல நெறைய ரப்பர் படணுங்கறதுக்காக தண்ணி ஓடற வாய்க்கால ஒடுக்கியிருப்பாங்க. ஐஸ் மேல இருக்கற தண்ணி முடி அளவு, சுங்கை சிப்புட் மழையில ரோட்டுல நிக்கற தண்ணி கணுக்கால் அளவு. பஞ்சு என்ன பண்ணும் சொல்லு.

அப்புறம் பூ ஆழமா இருக்குன்னு சொன்ன பாரு, அதுலதான் எல்லாரும் ஏமாறுறது. ஸ்டட்லெஸ் புதுசா வரும்போதே சாதா டயர விட பூ ஆழம் அதிகம். ஜப்பான்ல அந்த ஆழம் பாதி தேஞ்சதும் பனிக்கு லாயக்கில்லன்னு கழட்டிடுவாங்க, அதத் தெரிஞ்சிக்கறதுக்குன்னே வாய்க்காலுக்குள்ள பிளாட்ஃபார்ம்னு ஒரு மேடு வெச்சிருப்பாங்க, பூ தேஞ்சு அந்த மேட்டு மட்டத்துக்கு வந்துட்டா பனி டயரா அதோட ஆயுசு முடிஞ்சுது. உன் மூணாவது போட்டோவ நல்லா பாரு, நடு வாய்க்கால்ல ஒரு கட்டை பூவோட சமமா நிக்குது. அதாவது அவங்க ஊருக்கே ஆகாதுன்னு கழட்டினது. ஆனா பாதி தேஞ்ச பிறகும் நாலு, நாலரை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும், நம்ம சட்டத்துக்கு 1.6 மில்லிமீட்டர் போதும்கறதால இங்க வந்து புது டயர் மாதிரி பல்லக் காட்டும். நாலாவது போட்டோவுல டிஓடி நம்பர் கடைசி நாலு எழுத்து 4215, அப்படின்னா 2015-ஆம் வருஷம் 42-ஆவது வாரம் செஞ்சது. பத்து வருஷத்துக்கு மேல ஆன ரப்பரு தம்பி. சும்மா குடுத்தாலும் நான் மாட்ட மாட்டேன்.

இவ்வளவு பேசறியே அண்ணே, நீங்க என்ன மாட்டிப் பார்த்தீங்களான்னு கேப்ப. பார்த்தேன், அதனாலதான் பேசறேன். எனக்கு அப்ப உன் வயசு, ஒரு புரோட்டோன் வீரா வெச்சிருந்தேன், ஒரு செகண்ட் ஹேண்ட் டயர் கடையில இதே மாதிரி ஸ்டட்லெஸ் நாலு, மழை டயருன்னு சொல்லி குடுத்தாங்க, நானும் பூவப் பார்த்து மயங்கிட்டேன். தைப்பிங்ல ஒரு கல்யாணத்துக்கு போயிட்டு ஈப்போவுக்கு ஹைவேல வர்றேன், மத்தியானம் நல்ல வெயிலு, அப்பவே ஸ்டீயரிங்ல களி கிண்டற மாதிரி ஒரு மெதப்பு, சரி பழகிக்கும்னு விட்டுட்டேன். மெனோரா தனல், அந்த மலைச் சுரங்கப் பாதை, தாண்டி எறக்கத்துல வந்தா திடீர்னு மழை கொட்டுது, அந்த எடம் உனக்குத் தெரியும், வளைவு, எறக்கம், பக்கத்துல லோரி. வேகம் தொண்ணூறு கூட இல்ல. லேசா பிரேக்குல கால வெச்சேன், ஸ்டீயரிங் ஒரேயடியா லேசாயிடுச்சு, கையில எதுவுமே இல்லாத மாதிரி, அப்புறம் ஊரே சுத்துது, காடி அரை வட்டம் அடிச்சு ரோட்டோரத்துல வந்த பக்கத்தையே பார்த்துகிட்டு நின்னுச்சு. பின்னாடி லோரி ரொம்ப தூரத்துல வந்துச்சு, அதனால இன்னைக்கு உனக்கு டைப் பண்ணிகிட்டு இருக்கேன். எறங்கி டயரப் பார்த்தா பூக்கட்டையோட ஓரம் எல்லாம் பிஞ்சு பிஞ்சு நிக்குது. அடுத்த நாளே கழட்டி எறிஞ்சேன்.

அதுக்காக வின்டர் டயரே மோசம்னு நெனச்சிடாத. என் தங்கச்சி மகன் ஸ்டுட்கார்ட்ல வேல செய்யறான், அங்க ஒரு கோல்ஃப் ஜிடிஐ மார்க் 7 வாங்கிட்டு ஒரு அக்டோபர் மாசம் போன் பண்ணி, மாமா இங்க வின்டர் செட் எடுக்கணுமாம், 19 இன்ச் ரிம்ல எடுத்தா கெத்தா இருக்கும்லன்னு கேட்டான். அங்க வழக்கம் அக்டோபர்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும் வின்டர் டயரு, ஆனா சட்டம் தேதிய வெச்சு இல்ல, ரோட்டுல பனியோ ஐஸோ இருக்கும்போது வின்டர் டயர் இல்லாம ஓட்டக் கூடாது, 2010-ல இருந்து தெளிவா எழுதி வெச்சிருக்காங்க, பிடிபட்டா 60 யூரோ அபராதம், லைசென்ஸ்ல ஒரு பாயிண்டும் ஏறும். 2024 அக்டோபர்ல இருந்து மூணு சிகரம் உள்ள மலைக்குள்ள பனிப்பூ போட்ட அடையாளம் இருந்தாத்தான் அது வின்டர் டயரு, வெறும் எம் பிளஸ் எஸ், அதாவது சேறும் பனியும்னு போட்ட எழுத்த வெச்சு தப்பிக்க முடியாது. பக்கத்து நாடு ஆஸ்திரியாவுல பூ நாலு மில்லிமீட்டருக்கு கொறஞ்சா அத வின்டர் டயராவே கணக்குல எடுக்க மாட்டாங்க, இவன் பனிச்சறுக்குக்கு அங்கதான் போவான்.

நான் அவன்கிட்ட சொன்னது, 19 வேணாம்டா, கீழ எறங்கு. அவன் காடிக்கு வந்த சைஸு 225/40 ஆர்18, அதாவது அகலம் 225 மில்லிமீட்டர், பக்கச் சுவர் அதுல 40 சதவீதம், ரிம் 18 இன்ச், மொத்த உயரம் 637 மில்லிமீட்டர். 225/45 ஆர்17 போட்டா 634, மூணு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஸ்பீடோமீட்டருக்கு கூட தெரியாது. பனிக்கடியில பள்ளம் எங்க இருக்குன்னு தெரியாது, பக்கச் சுவர் ஒசரமா இருந்தா ரிம் வளையாது, டயரும் வெல கொறவு, உப்பு தெளிச்ச ரோட்டுல நல்ல ரிம்ம நாசம் பண்ணவும் வேணாம். இன்னும் ஒரு படி எறங்கி 205/55 ஆர்16 போட்டா 632 மில்லிமீட்டர், டயர் ஒல்லியா இருக்கறதால பனிய அமுக்கி கீழ போயி பிடிக்கும், ஆனா அவனோடது பெர்ஃபாமன்ஸ் பிரேக் வெச்ச மாடல், முன் டிஸ்க் 340 மில்லிமீட்டர், 16 இன்ச் ரிம் அதுக்கு மேல உக்காராது, சாதா ஜிடிஐயோட 312 மில்லிமீட்டர் டிஸ்க்குன்னா உக்காரும். ஸ்போட்டி காடிக்கு ரிம் சின்னதாக்கும்போது மொதல்ல பாக்க வேண்டியது இந்த பிரேக்கத்தான், நெறைய பேரு டயர் சைஸ மட்டும் பார்த்து வாங்கிட்டு கேலிப்பர்ல இடிச்சு நிப்பாங்க. டயர் காத்து சென்சாருக்கு தனியா காசு வெக்கணுமான்னு கேட்டான், அந்த கோல்ஃப்ல சக்கரத்துக்குள்ள சென்சார் கிடையாது, ஏபிஎஸ்ஸ வெச்சே கண்டுபிடிக்கும், மாட்டிட்டு ரீசெட் பண்ணா போதும்னேன். ஹெச் ரேட்டிங் டயர் எடுத்தா காடியோட உச்ச வேகத்த விட டயர் வேகம் கம்மி, அது அங்க தப்பில்ல, ஆனா 210-ன்னு ஸ்டிக்கர் ஒண்ணு டிரைவர் கண்ணுக்கு முன்னாடி ஒட்டணும். அவன் வி ரேட்டிங் எடுத்தான், அதுக்கும் 240-ன்னு ஸ்டிக்கர் ஒட்டணும், ஸ்டிக்கர் அசிங்கமா இருக்காம். எளந்தாரிப் பய வேற எப்படி இருப்பான்.

அங்க அவனுக்கு எது ஞாயமோ அதுல பாதி இங்கயும் ஞாயம்தான். சின்ன ரிம், ஒசந்த பக்கச் சுவர், சரியான மொத்த உயரம், பிரேக் இடிக்காம இருக்கறது, இதெல்லாம் நம்ம தோட்டத்து சடக்குக்கும் பொருந்தும். செம்மண் சடக்குல லோரி ஓடி ஓடி லுபாங், அதான் பள்ளம், ஒவ்வொண்ணும் சட்டி மாதிரி கெடக்கு, உங்க தாத்தா வீட்டுக்கு லயத்துப் பக்கம் போகணும்னா 18 இன்ச்ல ரிம் ஒதடு நசுங்கிடும். உனக்கு 17-தான் கடைசி, அதுக்கு மேல ஆசப்படாத.

நம்ம மழைக்கு என்ன வேணும்னு இப்ப சொல்றேன். நமக்கு எதிரி குளிரு இல்ல, தேங்கின தண்ணி. ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், சாயங்காலம் மூணு நாலு மணிக்கு மேல கருத்துகிட்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டும், தைப்பிங் பக்கம் கேக்கவே வேணாம். அந்தத் தண்ணிய வாய்க்கால் வழியா வெளிய தள்ள முடியாமப் போற வேகத்துல டயரு தண்ணி மேல மெதக்கும். 1960-களில நாசாக்காரங்க விமான டயர வெச்சு ஒரு கணக்கு கண்டுபிடிச்சாங்க, காத்தழுத்தம் பிஎஸ்ஐல எவ்வளவோ அதோட வர்க்கமூலத்த 10.35-ஆல பெருக்கினா டயர் மெதக்க ஆரம்பிக்கற வேகம் மைல்ல வரும். 32 பிஎஸ்ஐன்னா மணிக்கு சுமார் 94 கிலோமீட்டர். காத்து எறங்கி 24 ஆயிடுச்சுன்னா 82. பூ நல்லா இருந்து தண்ணி கம்மியா இருந்தா இத விட தாங்கும், மொட்டையா இருந்தா சொல்லவே வேணாம், கணக்கு தோராயம்தான், ஆனா காத்து பாக்காம ஓட்டறவனுக்கு எவ்வளவு நஷ்டம்னு புரியுதா? பெட்ரோல் ஸ்டேஷன்ல காத்து ஓசி, எறங்கிப் பிடிக்கத்தான் சோம்பேறித்தனம். இன்னொண்ணு, டயர் அகலமாகும்போது தள்ள வேண்டிய தண்ணியும் கூடும். அகலமா போட்டா மழையில நல்லா பிடிக்கும்னு பசங்க சொல்றது காஞ்ச ரோட்டுக்குத்தான் சரி.

சரி ரிம்முக்கு வா. ரெண்டாவது போட்டோவுல ஸ்போக் பின்னாடி 17 இன்ச், 7 ஜே, ஆஃப்செட் 48, அஞ்சு ஓட்டை 114.3-ன்னு தெரியுது. ஜேங்கறது ரிம் அகலம் இன்ச்ல, ஆஃப்செட்டுங்கறது ரிம்மோட நடுக்கோட்டுக்கும் அது காடியில ஒட்டற மொகத்துக்கும் நடுவுல உள்ள தூரம் மில்லிமீட்டர்ல, 114.3-ங்கறது நட்டு ஓட்டைங்க நிக்கற வட்டத்தோட விட்டம். உன் எஃப்டியும் 114.3 அஞ்சு ஓட்டைதான். ஒரிஜினல் ரிம் 16 இன்ச், ஆறரை ஜே, ஆஃப்செட் 45. கணக்கு போட்டா இந்த ரிம் வெளிப்பக்கம் மூணு மில்லிமீட்டர் சொச்சம்தான் வரும், உள்பக்கம் ஒம்போது பத்து மில்லிமீட்டர் போகும், ஷாக் அப்சோபர்ல இடிக்காது. நல்ல சைஸு, அதனாலதான் எடுன்னு சொல்றேன். ஏழரை ஜே, ஆஃப்செட் 35-ன்னு ஒண்ணு காட்டி இது இன்னும் கெத்துன்னு சொன்னா மயங்காத, அது ஒரிஜினல விட 22, 23 மில்லிமீட்டர் வெளிய வந்து நிக்கும், டயர் மட்கார்ட தாண்டினா சாலைப் போக்குவரத்து இலாகா ஜேபிஜே சும்மா விட மாட்டாங்க, பேரிங்குக்கும் பாரம்.

வாங்கறதுக்கு முன்னாடி டயரக் கழட்டச் சொல்லு, இதுதான் முக்கியம், கழட்ட மாட்டேன்னா வாங்காம வந்துடு. அந்த ரிம் ஜப்பான்ல பனிக்காலத்து செட்டா ஓடியிருக்கு, பனி உருகறதுக்கு ரோட்டுல உப்பு போடுவாங்க, அந்த உப்பு டயர் ஒதடு உக்கார்ற எடத்துலயும் வால்வு ஓட்டையச் சுத்தியும் அலுமினியத்த அரிச்சு வெள்ளை வெள்ளையா பவுடர் மாதிரி பூத்திருக்கும். லேசா இருந்தா கம்பி பிரஷ் போட்டு தேச்சு எடுத்துடலாம், ஆழமா குழி விழுந்திருந்தா புது டயர் போட்டும் வாரத்துக்கு அஞ்சு பிஎஸ்ஐ காத்து எறங்கிகிட்டே இருக்கும், நீ வால்வ மாத்துவ, டயரத் திட்டுவ, கடைசில ரிம்தான் காரணம். உள்பக்கம் கைய விட்டு ஒதட்ட தடவிப் பாரு, வெல்டிங் பண்ண தழும்பு இருக்கான்னு. பாலன்சிங் மெஷின்ல வெறும் ரிம்ம மட்டும் சுத்த விடச் சொல்லி ஒதடு ஆடுதான்னு பாரு. ஜேடபிள்யூஎல், விஐஏன்னு ஜப்பான் தர முத்திரை குத்தியிருக்கான்னு பாரு, ஜப்பான் ரிம்முக்கு அது இருக்கணும், ஆனா போலிக்காரன் அதையும் குத்துவான். போலின்னதும் ஞாபகம் வருது, வோல்க் டிஇ37-ன்னு 1996-ல வந்த ரிம்மு, 15 இன்ச்ல ஒண்ணு 3.7 கிலோதான், பேரே அதுல இருந்துதான், இன்னைக்கு நம்மூர்ல ஓடற டிஇ37 எல்லாம் ஒரிஜினல்னா ஜப்பான்ல ஒண்ணு கூட மிச்சம் இருந்திருக்காது. ஒரு குளியலறை தராசு எடுத்துட்டுப் போ, தூக்கி வெச்சுப் பாரு, எடை பொய் சொல்லாது. சக்கரம் கனமா இருந்தா சடக்குல குலுங்கும், பிக்கப்பும் போயிடும், உன் 155 குதிரையில அதையும் இழுக்கணும்ல.

வெல பேசும்போது டயர் எனக்கு வேணாம், நீங்களே வெச்சிக்கங்கன்னு சொல்லி 800-ல இருந்து ஆரம்பி. தவுக்கே, அந்தக் கடை மொதலாளி, மொகத்த சுளிப்பாரு, அப்புறம் கால்குலேட்டர எடுப்பாரு.

இப்ப மாட்டற வேலையில ரெண்டு விஷயம் இருக்கு, இத தெரியாத கடை நெறைய. ஒண்ணு ஹப் ரிங். ஹோண்டாவோட நடு ஓட்டை 64.1 மில்லிமீட்டர், வெளி ரிம்முல பெருசா 73-ன்னு இருக்கும், நடுவுல வளையம் போடாம மாட்டினா ரிம் சரியா நடுவுல உக்காராம 90-க்கு மேல ஸ்டீயரிங் உதறும், நீ பாலன்சிங் மேல பாலன்சிங் பண்ணிகிட்டே இருப்ப. பத்து இருபது வெள்ளி சாமான். ரெண்டாவது நட்டு, இது உசுரு விஷயம். ஹோண்டா ஒரிஜினல் நட்டோட அடி உருண்டையா பந்து மாதிரி இருக்கும், வெளி ரிம்முக்கு 60 டிகிரி கூம்பு மாதிரி நட்டு வேணும், ரெண்டுக்கும் மரை ஒண்ணுதான், எம்12, 1.5 பிட்ச், அதனால தப்பான நட்டும் அழகா உள்ள ஏறிடும், இறுக்கினா இறுகின மாதிரியும் இருக்கும், ஆனா ரிம்ம தொடறது ஒரு கோட்டு அளவுதான், ஓட ஓட லூசாகும். சக்கரம் தனியா ரோட்டுல ஓடறத சிரிச்சுகிட்டு வீடியோல பாக்கறோம்ல, அதுல பாதி கதை இதுதான். புது கூம்பு நட்டு இருபது வாங்கிக்க, பழைய நட்ட பூட்ல போட்டு வை, ஸ்பேர் டயருக்கு அதுதான் வேணும்.

டயர் சைஸு. கடைக்காரர் 215/45 ஆர்17 போடச் சொல்லுவாரு, கையில ஸ்டாக் இருக்கும். வேணாம். உன் ஒரிஜினல் 205/55 ஆர்16, மொத்த உயரம் 632, லோட் இண்டெக்ஸ் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 215/45-ல உயரம் 625-க்கு எறங்கிடும், நெறைய டயர்ல லோட் 87-தான், 545 கிலோ. தனியா ஓட்டினா பிரச்சன இல்ல, நீ தைப்பூசத்துக்கு அஞ்சு பேரையும் ரெண்டு அண்டா சாப்பாட்டையும் ஏத்திகிட்டு பத்துமலைக்குப் போற ஆளு. 225/45 ஆர்17 எடு, உயரம் 634, லோட் 91, 7 ஜே ரிம்முல உக்காரும், பக்கச் சுவரும் கொஞ்சம் கூட. அகலம் மழைக்கு ஆகாதுன்னு மேல நானே சொன்னேன், இப்ப நானே 225 சொல்றேன், பத்து மில்லிமீட்டர்தானே, வாய்க்கால் நல்லா இருக்கற டயரா எடுத்து ஈடு கட்டிக்கலாம், லோடையும் உயரத்தையும் அப்படி ஈடு கட்ட முடியாது.

எந்த டயருன்னா, உனக்கு மழையும் கேமரன் வளைவும்தான் முக்கியம்னா மிஷலின் பைலட் ஸ்போட் 4 இல்ல அதுக்கடுத்த 5, கொஞ்சம் வெல கொறவா வேணும்னா கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட், காஞ்ச ரோட்டுல விளையாடணும் காசும் மிச்சம் பிடிக்கணும்னா பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா அட்ரெனலின். நான் உன் எடத்துல இருந்தா மிஷலின்தான், வெல ஒரைக்கும், ஆனா மெனோரா எறக்கத்துல அந்தக் காசு திரும்ப வந்துடும். அந்த செமி ஸ்லிக்கு மட்டும் வேணாம், டிரெட்வேர், அதாவது தேய்மானக் கணக்கு, 200-க்கு கீழ போட்டு பூ நாலு கோடு மாதிரி இருக்கற டயரு, செப்பாங் டிராக்குக்கு சரி, நீ சாயங்காலம் வேல முடிஞ்சு ஜெலாப்பாங்ல மழையில வர்றவன். செகண்ட் ஹேண்ட் டயர் எதுவுமே வேணாம், யாரு கர்ப்ல இடிச்சாங்க, எத்தன பஞ்சர் ஒட்டியிருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும். காசு பத்தலன்னா இப்ப ரெண்டு மட்டும் புதுசு வாங்கு, ஆனா அந்த ரெண்டையும் பின்னாடி மாட்டு. முன்னாடி இழுக்கற காடிக்கு முன்னாடிதான புதுசு போடணும்னு எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. முன்னாடி வழுக்கினா காடி நேரா போகும், கால எடுத்தா உனக்கு சமாளிக்கத் தெரியும், பின்னாடி வழுக்கினா என் வீரா மாதிரி சுத்தும், அப்ப நீ என்ன நானே ஒண்ணும் பண்ண முடியல.

சனிக்கிழமை காலையில போயி பாரு, மத்தியானம் வெயில்ல ரிம் கீறல் தெரியாது, பளபளன்னு கண்ணக் கூசும். ரிம்ம எடுத்துட்டு நேரா என் கடைக்கு வா, பத்து மணிக்கு மேல வா, அதுக்கு முன்னாடி தோட்டத்து டிராக்டர் டயர் ஒண்ணு கழட்டணும். நட்டு நான் டார்க் ரெஞ்சு வெச்சு 108 நியூட்டன் மீட்டருக்குத்தான் இறுக்குவேன், காத்துத் துப்பாக்கியால டர்ருன்னு இறுக்கி அனுப்பற பழக்கம் நம்மகிட்ட கிடையாது. நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வந்து ஒரு தடவ இறுக்கிட்டுப் போ, அதுக்கு காசு வேணாம், வரும்போது உங்க அம்மா போடற நெத்திலி சம்பால் ஒரு டப்பா.